காணொளியிலேயே எல்லாம் கிடைக்கும்போது, நகரத்தில் நடக்கும் அறிவியல் கூட்டங்களுக்கு நேரில் போகத்தான் வேண்டுமா? எதற்குப் போவது என்று எப்படி முடிவு செய்வது?

போக வேண்டும் என்றுதான் சொல்வேன். பேச்சை மட்டும் கேட்பதென்றால் காணொளியே போதும். நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம், புரியாததைத் திரும்பக் கேட்கலாம். நான் போவது பேச்சு முடிந்த பிறகு வருகிற கேள்வி நேரத்துக்காக. தயாரித்து வந்ததெல்லாம் தீர்ந்துபோய், யாரோ கேட்டதற்கு ஒரு ஆராய்ச்சியாளர் நம் கண்முன்னால் யோசித்துப் பதில் சொல்லத் தொடங்குவாரே, அதுதான் எனக்கு முக்கியம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். கடல்மட்ட உயர்வு பற்றிய ஓர் உரை. திரையில் நூறு ஆண்டுக்கும் மேலான அளவீடுகள், ஒவ்வொரு புள்ளிக்கும் மேலும் கீழும் ஒரு சின்னக் கோடு. பேச்சாளர் அந்தக் கோடுகளைப் பற்றி எதுவும் சொல்லாமல் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். கேள்வி நேரத்தில் வயதான ஒருவர் எழுந்து, "அந்தப் படத்தை இன்னொரு தடவை போடுங்களேன். கோடெல்லாம் இடது பக்கம் நீளமாக இருக்கிறது, வலது பக்கம் வரவரக் குட்டையாகிறது. ஏன் சார்?" என்று கேட்டார்.

பேச்சாளருக்கு முகமே மலர்ந்துவிட்டது. கோட்டின் நீளம், அந்த அளவீட்டில் எவ்வளவு சந்தேகம் இருக்கிறது என்பதைக் காட்டுவது. பழைய அளவீடுகள் துறைமுகங்களில் கடல்நீர் மட்டத்தை அளக்க வைத்திருந்த அலைமானிகளிலிருந்து வந்தவை. அவை இருந்த இடங்களே குறைவு. போதாததற்கு அலைமானி நிற்கிற தரையே சில இடங்களில் அமிழ்கிறது, சில இடங்களில் எழும்புகிறது. கடல் ஏறியதா, தரை இறங்கியதா என்று பிரித்தறிய வேண்டும். 1993-இலிருந்து செயற்கைக்கோள்கள் ரேடார் மூலம் கடல்பரப்பின் உயரத்தை ஏறக்குறைய பத்து நாளுக்கு ஒருமுறை முழுச் சுற்றாக அளந்துவருகின்றன. அதனால்தான் சந்தேகத்தின் அளவு குறைந்து கோடு குட்டையாகிறது. இதை விளக்கும்போது அவர் பலகைக்குப் போய்ப் படம் போட்டார், இடையில் தன்னையே ஒருமுறை திருத்திக்கொண்டார். கடல் உயர்கிறது என்பது எனக்கு முன்பே தெரிந்த செய்திதான். அது எப்படித் தெரியவந்தது என்பது அன்றைக்குத்தான் பிடிபட்டது.

பொதுமக்களுக்கு அறிவியல் உரை என்பது புதிய ஏற்பாடும் இல்லை. 1812-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய உரைகளைக் கேட்க, புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்த ஓர் இளைஞன் வந்தான். நுழைவுச்சீட்டைக் கொடுத்தது கடையின் வாடிக்கையாளர் ஒருவர். கேட்டதையெல்லாம் குறிப்பெடுத்து, தானே பைண்ட் செய்து டேவிக்கு அனுப்பினான். அடுத்த ஆண்டே அங்கே உதவியாளர் வேலை கிடைத்தது. அவர்தான் மைக்கேல் ஃபாரடே. பின்னாளில் அதே அரங்கில் வெள்ளிக்கிழமை மாலை உரைகளை நடத்தினார். இளையவர்களுக்கான கிறிஸ்துமஸ் உரைகள் அங்கே 1825-இல் தொடங்கின. அவற்றில் 19 தொடர்களை ஃபாரடேயே நிகழ்த்தினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சில ஆண்டுகள் தவிர அவை இன்றுவரை நடக்கின்றன. ஒரு உரைக்கு ஒரு மணி நேரம் போதும் என்று ஃபாரடே இளம் வயதிலேயே நண்பருக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். இரண்டரை மணி நேரத்தில் ஆறு பேர் பேசும் நிகழ்ச்சி அறிவிப்பைப் பார்த்தால் எனக்கு அதுதான் ஞாபகத்துக்கு வரும்.

எதற்குப் போவது? எனக்குச் சின்னக் கூட்டம்தான் பிடிக்கும். பெரிய பெயர், பெரிய அரங்கு என்றால் கேள்வியைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி, நான்கைந்தை மட்டும் படிப்பார்கள். ஒருமுறை போய்ப் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் முப்பது பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் கிடைப்பது அங்கே கிடைக்காது. 1998-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் தொடங்கிய 'கஃபே சயன்டிஃபீக்' கூட்டங்கள் இப்படித்தான். ஒரு கஃபேயில் விஞ்ஞானி சுமார் இருபது நிமிடம் பேசுவார், ஒரு சின்ன இடைவேளை, அப்புறம் நேரம் முழுக்கக் கேள்விகள். பெரும்பாலும் திரைக்காட்சி இருக்காது. ஸ்லைடு இல்லாமல் பேசும்போது அவர் நம் முகத்தைப் பார்த்துத்தான் பேசியாக வேண்டும். புரியவில்லை என்றால் அது உடனே அவருக்கும் தெரிந்துவிடும்.

அறிவிப்புகளில் ஒரு விஷயம் கவனியுங்கள். ஆராய்ச்சி நிறுவனங்களின் நிகழ்ச்சி நிரலில் செமினார், கொலோக்கியம், பொது உரை என்று மூன்று விதம் இருக்கும். செமினார் அதே துறைக்காரர்களுக்கு. நாம் போனால் ஐந்தாவது நிமிடத்தில் தொலைந்துவிடுவோம். பொது உரை நமக்கானது. கொலோக்கியம் துறை முழுவதற்குமானது என்பதால், முதல் கால் மணி நேரமாவது பிரச்சினை என்ன, ஏன் முக்கியம் என்று விரிவாகச் சொல்வது வழக்கம். வெளியாட்களை அனுமதிக்கும் இடமாக இருந்தால் துணிந்து போய்ப் பின்னால் உட்காரலாம்.

ஆய்வகங்களைத் திறந்துவிடும் நாட்களையும் தவறவிடாதீர்கள். இந்தியாவில் பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள். ராமன் விளைவு 1928-இல் கண்டறியப்பட்டதை ஒட்டி வருவது. ஐரோப்பாவில் செப்டம்பர் கடைசியில் 'ஆராய்ச்சியாளர்களின் இரவு'. இப்படிப்பட்ட நாட்களில் பேராசிரியரைவிட, கருவியோடு தினமும் மல்லுக்கட்டும் ஆய்வு மாணவரைப் பிடியுங்கள். "இதில் அடிக்கடி என்ன பழுதாகும்?" என்று கேட்டுப் பாருங்கள். கருவி எப்படி வேலை செய்கிறது என்பது அந்தப் பதிலிலேயே வந்துவிடும்.

வானம் பார்க்கும் நிகழ்ச்சிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். நகர வெளிச்சத்தில் என்ன தெரியப்போகிறது என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். நிலவுக்கும் கோள்களுக்கும் நகர வெளிச்சம் ஒரு தடையே இல்லை. அமெரிக்காவில் ராமகிருஷ்ண மரபு வேதாந்த மடத்தில் துறவியாக இருந்த ஜான் டாப்சன், கப்பல் சன்னல் கண்ணாடியைத் தேய்த்துத் தொலைநோக்கிக்கான ஆடி செய்தவர். 1968-இலிருந்து சான் பிரான்சிஸ்கோவில் அவரும் நண்பர்களும் நடைபாதையில் தொலைநோக்கியை வைத்து, போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்கள். இன்று ஆர்வலர்களிடம் பரவலாக இருக்கும் எளிய மரப்பெட்டித் தொலைநோக்கி அமைப்புக்கு அவர் பெயர்தான்.

போகிற நாளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முழுநிலவன்று நிலவைப் பார்க்கப் போகாதீர்கள். வெளிச்சம் நேராக விழுவதால் நிழலே இல்லாமல் தட்டையாகத் தெரியும். வளர்பிறையில் பாதி நிலா இருக்கும் நாட்களில், ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே பள்ளங்களின் நிழல் நீண்டு விழும். அதைப் பார்க்கும்போது வரிசையில் யாரும் ஒரு நொடியில் கண்ணை எடுப்பதில்லை. விண்வெளியின் வாயு, தூசு மேகங்களான நெபுலாக்களில் மட்டும் புகைப்பட வண்ணங்களை எதிர்பார்க்க வேண்டாம். அவ்வளவு மங்கிய ஒளியில் நம் கண்ணின் நிறமறியும் செல்கள் வேலை செய்யாது, சாம்பல் புகையாகத்தான் தெரியும்.

கேள்வி கேட்கத் தயக்கமாக இருந்தால் இந்த இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்: "இது எப்படித் தெரியும்?", "எதைப் பார்த்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்?" எந்தத் துறைக்கும் பொருந்தும், ஒரே மூச்சில் கேட்டுவிடலாம். நமக்குத் தெரிந்ததையெல்லாம் முன்னுரையாகச் சொல்லத் தொடங்கினால் மற்றவர்களின் நேரம் போய்விடும். மைக் கைக்கு வரவே இல்லையா, முடிந்ததும் மேடைப் பக்கம் போய் நில்லுங்கள். நான் பார்த்தவரை அங்கே சுற்றி நிற்கும் பத்துப் பேருக்குப் பதில் சொல்லாமல் கிளம்பிய பேச்சாளர் மிகக் குறைவு.