கொல்லைக்கோடி வரை வைஃபை: கேள்வி – பதில்

கேள்வி: முன்கட்டில் மகன் ரூட்டர் வைத்திருக்கிறான். கொல்லையில் பம்புசெட்டை ஒட்டி என் அறை. நடுவே வாழை, 150 அடி தூரம். லேப்டாப்பில் ஒரு கோடு வரும், போகும். கடையில் பெரிய ஆன்டெனாவும் 10 மீட்டர் வயரும் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், வலங்கைமான்

பதில்: அந்த வயரை மட்டும் வாங்காதீர்கள் சார். நான் திருவாரூரில் டிவி மெக்கானிக்காக இருந்தவன். இலங்கை டிவி ரூபவாஹினியைப் பிடிக்க 40 அடிக் குழாயில் மீன்முள் ஆன்டெனாவை ஏற்றித் திருப்புவேன், கீழே வீட்டுக்காரம்மா "வந்துடுச்சு, நிறுத்து!" என்பார். அந்தத் தெனாவட்டில் வைஃபைக்கும் அதையே செய்தேன். மொட்டைமாடியில் யாகி எனும் மீன்முள் ஆன்டெனா, அங்கிருந்து அறைக்கு 10 மீட்டர் ஆர்ஜி 58 கேபிள். ஒரு கோடு ஒரு கோடாகவே நின்றது. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அந்தக் கேபிள் மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டெசிபல் தின்னும். 10 மீட்டர் போனால் பத்து டெசிபல் போச்சு, அதாவது சிக்னலில் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். ஆன்டெனா சம்பாதித்ததை வயர் குடித்துவிட்டது.

யுஎஸ்பி வயரில் போவது டிஜிட்டல் தகவல். 5 மீட்டர் வரை அதற்குச் சேதாரமில்லை. ஆகவே, கழற்றி மாட்டும் ஆன்டெனா உள்ள யுஎஸ்பி அடாப்டராக (லேப்டாப்பில் செருகி வைஃபை பிடிக்கும் கருவி) வாங்கி, அடாப்டரையே ஓட்டுச் சரிவுக்கு அடியில், மழை படாத இடத்தில் கட்டுங்கள். ஆன்டெனா அதன் முதுகிலேயே இருக்கட்டும். லேப்டாப்புக்கு யுஎஸ்பி வயர் மட்டும் வரட்டும். தட்டையான பேனல் ஆன்டெனா போதும். மரையைப் பார்த்து வாங்குங்கள்: எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ என்று ஆன்டெனா மாட்டும் முனை இரண்டு வகை; இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், மரையும் ஏறும்; உள்ளே குழிக்கு எதிரே குழி வந்தால் தொடர்பே இருக்காது. இரண்டாவது ஆன்டெனாவை நான் அப்படித்தான் திருப்பிக் கொடுத்தேன்.

இனி வாழை. இலை முழுக்கத் தண்ணீர், தண்ணீர் இந்த அலையை விழுங்கும். ஐப்பசி அடைமழையில் நனைந்த இலை இன்னும் மோசம். ரூட்டரை முன்கட்டு மாடி ஜன்னலுக்கு ஏற்றச் சொல்லுங்கள். இரண்டு முனையையும் இணைக்கும் கோட்டைச் சுற்றி, நடுவழியில் எல்லாப் பக்கமும் நாலடி காலியாக இருந்தால் நல்லது. அந்தக் கோடு வாழை இலைக்கு மேலே போகிறதா என்று ரூட்டர் ஜன்னலில் நின்று பாருங்கள். உங்கள் ஓட்டு விளிம்பு கண்ணுக்குத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: செலவே இல்லாமல் வழி உண்டா?
– கல்லூரி மாணவி, பாபநாசம்

பதில்: உண்டு. கல்யாணச் சமையல்காரரிடம் பெரிய பூந்திக் கரண்டி இரவல் வாங்குங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர்; பூந்தி விழும் ஓட்டை அதற்கு ஓட்டையாகவே தெரியாது, கரண்டி டிஷ் ஆன்டெனா மாதிரி அலையைக் குவிக்கும். கரண்டியின் குழிவை ரூட்டர் பக்கம் திருப்பி, நடுவுக்கு நேர் எதிரே, சின்ன யுஎஸ்பி அடாப்டரை நீட்டு வயரில் நிறுத்துங்கள். தூரத்துக்குக் கணக்கு இருக்கிறது: அகலத்தை அகலத்தால் பெருக்கி, ஆழத்தின் 16 மடங்கால் வகுக்க வேண்டும். 30 சென்டிமீட்டர் அகலம், 5 ஆழம் என்றால் சுமார் 11 சென்டிமீட்டர். அங்கிருந்து விரல் விரலாக நகர்த்திப் பாருங்கள். என் வீட்டில் இரண்டு கோடு கூடியது, தீபாவளிக்குக் கரண்டியைத் திருப்பிக் கேட்கும்வரை.

கேள்வி: தெருக்கோடியில் இருக்கும் நண்பர் வீட்டு வைஃபையை எடுக்க, பூஸ்டரும் சேர்த்து மாட்டலாமா?
– வாசகர், நன்னிலம்

பதில்: நண்பரே பாஸ்வேர்டு கொடுத்தால் ஆன்டெனா மாட்டுங்கள், பூஸ்டர் வேண்டாம். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 2005-இல் உரிமம் தேவையில்லை என்று அரசு அறிவித்தபோதே, கருவிக்கு 1 வாட், ஆன்டெனாவின் பலத்தையும் சேர்த்தால் 4 வாட் என்று வரம்பு வைத்துவிட்டது. தவிர, ஆன்டெனா போகும் பேச்சுக்கும் உதவும், வரும் பேச்சுக்கும் உதவும். உங்கள் பக்க பூஸ்டரால் உங்கள் குரல்தான் உரக்கும், நண்பரின் ரூட்டர் பழைய குரலில்தான் பேசும்.

கேள்வி: ஆன்டெனாவைத் தென்னை மரத்தில் கட்டலாமா?
– விவசாயி, திருத்துறைப்பூண்டி

பதில்: காற்றடிக்கும்போதெல்லாம் நீங்களும் லேப்டாப்போடு சேர்ந்து ஆடுவதானால் கட்டலாம்.