பணயமாகப் பிடிபட்டால்: முதல் அரை மணி நேரமும் கடைசி ஆறு நிமிடமும்

கேள்வி: மத்திய சிறை ஒன்றில் காவலராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. பல நேரம் பிளாக்கில் நான் ஒருவன்தான் நிற்கிறேன். கைதிகள் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டால் உயிரோடு வெளியே வர என்ன செய்ய வேண்டும்?

பதில்: பிடிபட்ட முதல் அரை மணி நேரத்திலும், மீட்புப் படை உள்ளே நுழையும்போதும்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கும். முதலாவதில் கைதிகளுக்குத் தலைகால் புரியாது. இரண்டாவதில் படைக்கு ஆள் அடையாளம் தெரியாது.

சில நொடி கிடைத்தால் அபாய பட்டனை அழுத்துங்கள். வாக்கி டாக்கியில் எந்த இடம் என்பதை மட்டும் சொல்லுங்கள். சாவிக்கொத்தைக் கம்பிக்கு வெளியே, கை எட்டாத தூரத்துக்கு எறிய முடிந்தால் எறியலாம். கழுத்தில் ஏற்கெனவே கத்தி இருந்தால் கொடுத்துவிடுங்கள். சாவிக்காக உயிரை விடச் சொல்லி எந்த விதியும் இல்லை.

ஏதாவது அறைக்குள் புகுந்து பூட்டிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தால், அந்த அறையை இப்போதே போய்ப் பாருங்கள். 1993 ஏப்ரலில் அமெரிக்காவின் லூகாஸ்வில் சிறையில் கலவரம் வெடித்தபோது, காவலர்கள் பிளாக்கின் கடைசியில் இருந்த படிக்கட்டு அறைக்குள் ஒளிந்தார்கள். ஆபத்து நேரத்துக்கென்றே இருந்த இடம் அது. ஆனால் சுவரின் கான்கிரீட் கற்களுக்குள் இருக்க வேண்டிய இரும்புக் கம்பி இல்லை. கைதிகள் இடித்து உள்ளே வந்துவிட்டார்கள். 1971இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள அட்டிகா சிறையில் நடந்த கலவரத்தில் நடுக் கேட் பெயர்ந்து விழுந்ததற்கும் வெல்டிங் கோளாறுதான் காரணம். தாழ்ப்பாள், கீல், சுவர் மூன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள்.

பிடிபட்ட பிறகு சொன்னதைச் செய்யுங்கள், மெதுவாக. பாக்கெட்டில் கை விட வேண்டுமென்றால் முதலில் சொல்லிவிட்டு விடுங்கள். முறைக்க வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். பழைய தண்டனை, ரிப்போர்ட் பற்றி வாயே திறக்காதீர்கள். கொஞ்சம் அடங்கியதும் தண்ணீர் கேளுங்கள், கழிப்பறை கேளுங்கள். சர்க்கரை மாத்திரை எடுப்பவரானால் அதையும் சொல்லுங்கள். சின்னச் சின்னத் தேவைகளைக் கேட்கும் ஆள் அவர்கள் கண்ணுக்கு யூனிஃபார்மாக மட்டும் தெரிய மாட்டார். கொடுத்த சோற்றைச் சாப்பிடுங்கள், தூங்க முடிந்தால் தூங்குங்கள். லூகாஸ்வில்லில் 11 நாள் ஆனது.

ஜெயிலர், சூப்பிரண்ட் என்று யார் பிடிபட்டாலும் அந்த நேரத்தில் அவர் உத்தரவு செல்லாது. அமெரிக்கச் சிறைகளில் இது எழுதி வைத்த விதி. ‘கேட்டைத் திறக்கச் சொல்’ என்று உங்களை மிரட்டினால், ‘நான் சொன்னாலும் வெளியே கேட்க மாட்டார்கள்’ என்பது பொய்யில்லை; நிதானமாகச் சொல்லலாம். வாக்குறுதி மட்டும் தராதீர்கள். மாலைக்குள் அது பொய்யானால் கோபம் உங்கள் மேல்தான் திரும்பும்.

ஜன்னல், கதவு, நடைபாதை மூன்றையும் விட்டு விலகிச் சுவரோரம் உட்காருங்கள். ஏனென்று அட்டிகாவைப் பார்த்தால் புரியும். செப்டம்பர் 13 காலை, கலவரத்தின் ஐந்தாம் நாள். பணயமாக இருந்த ஊழியர்களுக்குக் கைதி உடை மாட்டி, கண்ணைக் கட்டியிருந்தார்கள். சிலரை மேல் நடைபாதையில் நிறுத்திக் கழுத்தில் கத்தி வைத்தார்கள். ஹெலிகாப்டர் கண்ணீர்ப்புகையைக் கொட்டியதும் சுமார் ஆறு நிமிடம் துப்பாக்கிச் சூடு. 10 பணயக்கைதிகளும் 29 கைதிகளும் செத்தார்கள். கைதிகள் கழுத்தை அறுத்துக் கொன்றதாகத்தான் அதிகாரிகள் முதலில் சொன்னார்கள். மறுநாள் பிரேதப் பரிசோதனையில் வந்தது வேறு: பணயக்கைதிகளைக் கொன்றது மீட்க வந்தவர்களின் குண்டுகள்.

உங்களுக்கும் கைதி உடை மாட்டினால் மறுக்காதீர்கள். ஆனால் அதன் பிறகு வெளியே இருப்பவருக்கு நீங்களும் ஒரு கைதிதான் என்பதை மறக்க வேண்டாம். வெடிச் சத்தமோ புகையோ வந்த நொடியில் குப்புற விழுங்கள். கண்ணை மூடுங்கள், இரண்டு உள்ளங்கையும் விரிந்து வெளியே தெரியட்டும். எழுந்து ஓடக் கூடாது. மீட்க வந்தவரை நோக்கியும் ஓடக் கூடாது. கீழே கிடக்கும் கத்தியை ‘பத்திரப்படுத்த’ எடுப்பது எல்லாவற்றையும்விட மோசம், ஆயுதத்தோடு இருக்கும் ஆளைத்தான் படை முதலில் சுடும்.

உங்களுக்கும் விலங்கு மாட்டுவார்கள், இழுத்துக்கொண்டு போவார்கள். வாதாடாதீர்கள். பெயரையும் பணி எண்ணையும் சொல்லுங்கள். உள்ளே இன்னும் எந்த ஊழியர் எந்த அறையில் இருக்கிறார் என்று தெரிந்தால் அடுத்த வார்த்தை அதுவாக இருக்கட்டும்.