கையெழுத்துப் போட மறுத்தவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

குழித்துறை நீதிமன்றத்தில் இரண்டு ஆண்டுகளாகத் தொழில் செய்கிறேன். அரசை ஏமாற்றிப் பணம் பறிக்கும் நிறுவனங்களைப் பற்றி உள்ளேயிருந்து தகவல் தருபவர்களுக்காக மட்டுமே வழக்காடும் வழக்கறிஞர்கள் அமெரிக்காவில் இருப்பதாகப் படித்தேன். ஆயுள் முழுக்க அதையே செய்கிறார்கள். என் சீனியரிடம் சொன்னபோது, "அதெல்லாம் இங்கே சோறு போடாது. காட்டிக்கொடுக்கிறவனுக்கு வக்காலத்துப் போட்டால் நாளைக்கு உன்னிடம் எவன் வருவான்?" என்று கேட்டார்.

(…)

நீங்கள் நாகர்கோவிலில் பல ஆண்டுகள் அரசு ஊழியர்களின் வழக்குகளை நடத்தியவர். நம் மாவட்டத்தில் இருந்துகொண்டு இப்படி ஒரு தொழில் வாழ்க்கை சாத்தியமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தின் இரண்டாவது பத்தியை நீக்கிவிட்டேன். பெயரெழுத்தையும் மாற்றியிருக்கிறேன். அந்தப் பத்தியில் உங்கள் உறவினரின் பெயர் இல்லைதான். ஆனால் அவர் வேலை செய்யும் துறையும் ஊரும் இருந்தன. நம் மாவட்டத்தில் இந்த இரண்டும் போதும், மாலைக்குள் டீக்கடையில் ஆளைச் சொல்லிவிடுவார்கள். இந்த வேலைக்கு வருவதென்றால் முதலில் பழக வேண்டிய கவனம் இது.

அமெரிக்கச் சட்டம் 1863-ல், லிங்கன் காலத்தில் வந்தது. உள்நாட்டுப் போரில் ராணுவத்துக்கு மட்டமான சரக்கைத் தள்ளிவிட்டுப் பணம் வாங்கிய ஒப்பந்தக்காரர்களைப் பிடிப்பதற்காகக் கொண்டுவந்தார்கள். மோசடியை அறிந்த தனிமனிதர் அரசின் சார்பில் தானே வழக்குத் தொடரலாம். 1986-ல் அதைத் திருத்தி வலுப்படுத்தினார்கள். மீட்கப்படும் தொகையில், அரசும் வழக்கில் சேர்ந்துகொண்டால் அவருக்கு 15 முதல் 25 சதவீதம். சேராமல் அவரே நடத்தி வென்றால் 25 முதல் 30 சதவீதம். வழக்கு முத்திரையிட்டுத் தாக்கலாகும், எதிர்த்தரப்புக்கே தெரியாது. சட்டப்படி அது 60 நாள்தான், ஆனால் நீட்டிப்பு வாங்கி வாங்கி வருடக்கணக்கில் போகும். அத்தனை காலமும் கட்சிக்காரரை வாய் திறக்காமல் இருக்க வைப்பது வழக்கறிஞரின் பெரும்பாடு. ரான்பாக்ஸி மருந்து நிறுவனத்தின் பொய்த் தரவுகளை வெளிக்கொண்டுவந்த தினேஷ் தாக்கூர் அங்கிருந்து விலகியது 2005-ல். அதன் அமெரிக்கக் கிளை குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது 2013-ல். அவருக்குக் கிடைத்த 4.8 கோடி டாலரைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அந்த எட்டு வருடங்களை நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இங்கே அப்படி அரசின் சார்பில் வழக்குப் போடும் உரிமை உங்கள் கட்சிக்காரருக்கு இல்லை. வெற்றியில் இவ்வளவு பங்கு என்று கட்டணம் பேச பார் கவுன்சில் விதிகள் உங்களை அனுமதிக்காது. முறைகேட்டை வெளிப்படுத்துபவர்களைப் பாதுகாக்கும் சட்டம் 2014-ல் நிறைவேறி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்று, நடைமுறைக்கு வராமலேயே கிடக்கிறது. உங்கள் சீனியர் சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் இப்படிப்பட்ட கட்சிக்காரர்கள் அவருடைய அலுவலகத்துக்கும் கட்டாயம் வந்திருப்பார்கள். மோசடியை வெளிப்படுத்த வந்திருக்கிறேன் என்று யாரும் படியேறுவதில்லை. கையில் ஒரு 17(பி) மெமோவோடு, அதாவது அரசு ஊழியர் மீது கடும் ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டுக் குறிப்போடு வருவார்கள்.

என்னிடம் அப்படி வந்த முதல் ஆள் ஓர் ஓவர்சியர். கல்குளம் தாலுகாவில் ஒரு குளத்துக்குப் பக்கச்சுவர் கட்டும் வேலை. மதிப்பீட்டில் அஸ்திவாரம் ஒன்றரை மீட்டர், தோண்டியது முழங்கால் ஆழம். அளவுப் புத்தகத்தில் எல்லா அளவுகளும் ஏற்கெனவே எழுதித் தயாராக இருந்தன. இவர் கையெழுத்துப் போட்டால் பில் போய்விடும். இவர் போடவில்லை. "இடத்தில் அளந்து பார்த்தபின் ஒப்பமிடுகிறேன்" என்று கோப்பில் ஒரு வரி எழுதி வைத்தார். மூன்றாவது வாரம் இடமாற்றம். நான்கு மாதம் கழித்து, பழைய இடத்தில் அனுமதியின்றி விடுப்பு எடுத்ததாக மெமோ. மனைவியும் உடன் வந்திருந்தார். "எல்லோரும் போடுகிற கையெழுத்துதானே சார்? இவரும் போட்டிருந்தால் என்ன?" என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த வீடு அது.

அப்போது நான் செய்த தவறு இன்றும் என்னை உறுத்துகிறது. கோபத்தில், முதலமைச்சரின் தனிப்பிரிவு முதல் லஞ்ச ஒழிப்புத் துறை வரை ஒரே நாளில் பதிவுத் தபாலில் புகார் அனுப்ப வைத்தேன். அளவுப் புத்தகத்தின் நகல் கையில் இல்லை. அந்தப் புகார்கள் உரிய நடவடிக்கைக்காக என்று கை மாறி மாறி, எந்த அலுவலகத்தைப் பற்றிச் சொன்னோமோ அங்கேயே வந்து சேர்ந்தன. அளவுப் புத்தகம் காணாமல் போனது. காணாமல் போனதற்கும் இவரே பொறுப்பு என்று இரண்டாவது மெமோ வந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஆறு வருடம் நடத்தி இரண்டு மெமோக்களையும் ரத்து செய்ய வைத்தோம். நிறுத்தி வைத்த இன்க்ரிமெண்ட் திரும்ப வந்தது. தீர்ப்பு எட்டுப் பக்கம். அதில் அந்தச் சுவரைப் பற்றி ஒரு வரி கிடையாது. இருக்கவும் முடியாது. வழக்கு மெமோவைப் பற்றியது.

அதன்பிறகு இப்படிப்பட்ட ஒவ்வொருவருக்கும் நான் இரண்டு கட்டு வைத்துக்கொண்டேன். முதல் கட்டு ஆளுக்கு: மெமோ, விளக்கம், விசாரணை, சம்பளம். இரண்டாவது கட்டு சுவருக்கு. இந்த இரண்டாவது கட்டில் அவர் பெயர் எங்கேயும் வரக்கூடாது. 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டம் இதற்கு உதவியது. எந்தக் குடிமகனும் கேட்கலாம், எதற்கு என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆவண நகல் மட்டுமல்ல, நடக்கிற வேலையை நேரில் பார்வையிடவும், கட்டுமானப் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கவும் பிரிவு 2(ஜெ) உரிமை தருகிறது. அந்தக் குளத்துப் பாசனத்தில் வயல் வைத்திருப்பவர் கேட்கட்டும். அவருக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை, அதனால் நான்கைந்து பேராகக் கேட்கச் சொல்வேன். சான்றிட்ட நகல் கைக்கு வந்தபிறகுதான் புகார். நடவடிக்கை இல்லை என்றால் உயர் நீதிமன்றம்.

மத்திய அரசுத் துறை அல்லது பொதுத்துறை நிறுவனம் பற்றியது என்றால், புகார் தருபவரின் பெயரைக் காக்க மத்திய அரசு 2004-ல் கொண்டுவந்த தீர்மானம் இருக்கிறது. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு மூடிய உறையில் அனுப்ப வேண்டும். எந்தத் தீர்மானத்தின்கீழ் வரும் புகார் என்பதை உறைமேல் எழுத வேண்டும், அனுப்புபவர் பெயரை எழுதக் கூடாது. இந்த உறைக்குப் பின்னால் ஓர் உயிர் இருக்கிறது. தங்க நாற்கரச் சாலை வேலையில் நடந்த முறைகேடுகளைப் பற்றிப் பிரதமருக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டிருந்தார். கடிதம் பெயரோடு மேசை மேசையாகப் போனது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

காட்டிக்கொடுக்கிறவன் என்ற சொல்லை என்னால் ஏற்க முடியாது. நம்பியவரைக் கைவிடுவதற்கல்லவா அந்தப் பெயர்? குளத்தை நம்பியிருந்தவர்கள் வயல்காரர்கள். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழகத்திலேயே முதலிடம் என்று பெருமைப்படும் மாவட்டம் இது. மொட்டைப் பெட்டிஷனுக்கும் இங்கே குறைவில்லை. பெயர் போட்டு, தன் சம்பளத்தைப் பணயம் வைத்துக் கோப்பில் ஒரு வரி எழுதுகிறவரை அந்தக் கூட்டத்தோடு சேர்த்துப் பேசுவது எனக்கு வேதனை தருகிறது. நாம் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், திவானைப் பற்றி எழுதியதற்காக 1910-ல் 'சுதேசாபிமானி' பத்திரிகையின் அச்சகத்தைப் பறித்து, அதன் ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையை நாடு கடத்தினார்கள். அவர் பெயரைச் சொல்ல இன்றும் ஆள் இருக்கிறது.

சோற்றுக்கு மோட்டார் விபத்து வழக்கும் சிவில் வழக்கும் நடத்துங்கள், நானும் அப்படித்தான் செய்தேன். பணி சார்ந்த சட்டத்தை ஊன்றிப் படியுங்கள், ஒழுங்கு நடவடிக்கை விதிகள் விரல்நுனியில் இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் இப்படிப்பட்ட வழக்கு இரண்டுக்கு மேல் எடுக்காதீர்கள். அந்த வீடுகளின் கவலை இரவில் உங்கள் வீட்டுக்கும் வரும்.

நீக்கிய பத்தியைப் பற்றிக் கடிதத்திலோ தொலைபேசியிலோ பேச வேண்டாம். வரும் சனிக்கிழமை மாலை நீங்கள் மட்டும் வீட்டுக்கு வாருங்கள். அதுவரை அவர் எந்தப் புகாரையும் அனுப்ப வேண்டாம். அலுவலகத்திலிருந்து ஒரு தாளையும் வெளியே எடுத்து வரவும் வேண்டாம். என்ன பார்த்தார், எந்தத் தேதியில் பார்த்தார் என்று தன் கையால் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.