'விஷ்' போட்ட இடத்தில் 'ஹோப்' வந்தது ஏன்?

அம்பத்தூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்க்கும் வாசகர் கேட்டிருக்கிறார்: "வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மெயில் எழுதுவதுதான் என் வேலையில் பாதி. போன வாரம் 'ஐ விஷ் யூ வில் அப்ரூவ் திஸ். வீ டிசையர் எ லெங்த்தி டைம்' என்று எழுதினேன். மேலாளர் விஷ், டிசையர், லெங்த்தி மூன்றையும் அடித்து மாற்றினார். காரணம் சொல்ல அவருக்கு நேரமில்லை. அகராதியில் பார்த்தால் வான்ட், விஷ், டிசையர் எல்லாவற்றுக்கும் 'விரும்பு' என்றே இருக்கிறது. லாங், லெங்த்தி இரண்டுக்கும் 'நீண்ட'. பிறகு எதை எங்கேதான் போடுவது?"

முதலில் அந்த மெயிலைச் சரிசெய்துவிடுவோம். 'வீ ஹோப் யூ வில் அப்ரூவ் திஸ். வீ வுட் லைக் டூ மோர் வீக்ஸ்.' இவ்வளவு போதும். இரண்டு வாரமோ மூன்று வாரமோ, எண்ணைச் சொல்லிவிட்டால் 'நீண்ட' என்ற சொல்லே தேவைப்படாது.

இப்போது காரணம். 'ஐ விஷ்' என்று தொடங்கி, பின்னால் ஒரு முழு வாக்கியம் வந்தால், அந்த விஷயம் இப்போது இல்லை, கிடைப்பதும் சந்தேகம் என்று எழுதுகிறவரே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அதனால்தான் பின்னால் வரும் வினைச்சொல் இறந்தகாலத்துக்குப் போகிறது. 'ஐ விஷ் ஐ நியூ ஜெர்மன்' என்றால் எனக்கு ஜெர்மன் தெரியாது, தெரிந்திருந்தால் நன்றாக இருக்குமே என்று பொருள். கத்திப்பாராவில் வண்டி நகராமல் நிற்கும்போது 'பேசாம மெட்ரோவுல போயிருக்கலாமே' என்று புலம்புகிறோமே, அது 'ஐ விஷ் ஐ ஹேட் டேக்கன் தி மெட்ரோ'. தமிழில் '-கலாமே', '-குமே' என்ற முடிவுகள் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் விஷ்ஷும் இறந்தகாலமும் சேர்ந்து செய்கின்றன. நீங்கள் கேட்டதோ கிடைக்கக்கூடிய ஒன்று. கிடைக்க வழியுள்ளதற்கு ஹோப். 'ஐ விஷ் யூ வில்' என்ற கூட்டு ஆங்கிலத்தில் இல்லவே இல்லை.

'ஐ விஷ் யூ வுட்' உண்டு. அதில்தான் இன்னும் கவனம் வேண்டும். 'ஐ விஷ் யூ வுட் ரிப்ளை ஆன் டைம்' என்று எழுதினால், 'நேரத்துக்குப் பதில் போட்டால் என்னவாம்?' என்ற சலிப்பு அதில் கேட்கும். வாடிக்கையாளருக்கு அதை எழுதவே கூடாது. மற்றபடி 'ஐ விஷ் யூ எ ஹேப்பி பொங்கல்' என்று வாழ்த்துவதிலும், 'ஐ விஷ் டு இன்ஃபார்ம் யூ' என்று அலுவலகத் தோரணையில் தொடங்குவதிலும் தவறில்லை. இந்த இரண்டிலும் விஷ்ஷுக்குப் பின்னால் முழு வாக்கியம் வராததைக் கவனியுங்கள்.

நீங்கள் கேட்காத ஒரு சொல்லையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஊர் மெயில்களில் அதிகம் காலை வாருவது அதுதான்: எக்ஸ்பெக்ட். தமிழில் 'தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்' என்பது பணிவான முடிவு. அதை அப்படியே 'ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை' என்று எழுதினால், 'பதில் வந்தாக வேண்டும்' என்று மேலதிகாரி சொல்வது போல ஆகிவிடுகிறது. 'ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை' என்று போடுங்கள். அந்த 'டு'வுக்குப் பின்னால் வினைச்சொல் வந்தால் 'ஹியர்' அல்ல, 'ஹியரிங்'.

சரி, வான்ட். இது வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கே அதற்கு 'இல்லாமல் இருப்பது', 'குறைவது' என்று பொருள். இன்றும் ஒருவரைச் சோதித்துப் பார்த்துத் தேறவில்லை என்றால் 'ஃபவுண்ட் வான்டிங்' என்கிறார்கள். தமிழ் 'வேண்டும்' தேவையையும் விருப்பத்தையும் ஒன்றாகச் சுமக்கிறது. 'ரெண்டு நாள் லீவு வேணும் சார்' என்பதில் அந்த 'சார்' பணிவைப் பார்த்துக்கொள்கிறது. 'ஐ வான்ட் டூ டேஸ் லீவ்' என்று எழுதும்போது வெறும் வற்புறுத்தல்தான் மிஞ்சும். கேட்கிற இடத்தில் எல்லாம் 'வுட் லைக்' போடுங்கள்.

அப்புறம் இன்னொன்று. 'நீங்கள் வர வேண்டும் என்று விரும்புகிறேன்' என்பதில் உள்ள 'என்று' நம் கையைப் பிடித்து இழுத்து 'ஐ வான்ட் தட் யூ ஷுட் கம்' என்று எழுத வைக்கும். வான்ட் அந்த 'தட்'டை ஏற்காது. 'ஐ வான்ட் யூ டு கம்' என்பதே சரி. வுட் லைக்குக்கும் இதே விதி. விஷ்ஷும் ஹோப்பும் 'தட்'டைத் தாங்கும்.

டிசையரை வினைச்சொல்லாக எழுதினால் ஒன்று உடல் சார்ந்த ஆசை, அல்லது பழைய விண்ணப்பத்தின் விறைப்பு. இரண்டும் உங்கள் மெயிலுக்கு ஆகாது. 'ஐ ஆம் டிசையரஸ் ஆஃப் ஜாயினிங்' என்று எழுதும் வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை, அதை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. ஆனால் இந்தக் குடும்பத்தில் இரண்டைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அரசு வேலை அறிவிப்புகளில் 'எசென்ஷியல்' என்ற தலைப்பில் இருக்கும் தகுதி இல்லாவிட்டால் விண்ணப்பமே நிற்காது. 'டிசையரபிள்' என்பது இருந்தால் நல்லது, அவ்வளவுதான். டிசையரபிள் தகுதி தங்களிடம் இல்லை என்பதற்காகவே விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகிறவர்களை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. அடுத்தது, 'தி குவாலிட்டி லீவ்ஸ் மச் டு பி டிசையர்ட்' என்று வாடிக்கையாளர் எழுதினால் மகிழ்ந்துவிடாதீர்கள். தரம் மோசம் என்பதைத்தான் நாகரிகமாகச் சொல்லியிருக்கிறார்.

கிரேவ் என்பது பெரும்பாலும் நாக்குக்கும் உடம்புக்கும் உரியது. மசக்கையில் மாங்காய் கேட்கிறதே, அந்த வேட்கை. ஆனால் பழைய ஆங்கிலத்தில் அதற்கு 'உரிமையோடு கேட்பது' என்று பொருள் இருந்தது. அதன் சாயலை உயர்நீதிமன்றத்தில் தாக்கலாகும் பிரமாணப் பத்திரங்களில் இன்றும் பார்க்கலாம். 'ஐ கிரேவ் லீவ் ஆஃப் திஸ் ஹானரபிள் கோர்ட்' என்றால் நீதிமன்றத்தின் அனுமதியைக் கோருகிறார் என்று பொருள். அந்த 'லீவ்' விடுமுறை அல்ல.

இனி லாங். உங்கள் கேள்வியின் இரண்டு பாதிகளும் சேரும் இடம் இது. 'நீண்ட' என்று பொருள் தரும் லாங்குக்கும், 'ஐ லாங் ஃபார் ஹோம்' என்பதில் ஏக்கமாக வரும் லாங்குக்கும் வேர் ஒன்றே. பழைய ஆங்கிலத்தில் 'லாங்கியன்' என்ற வினைச்சொல் 'நீளுதல்', 'ஏங்குதல்' இரண்டையும் குறித்தது. நமக்கு இதில் வியப்பு இருக்காது. தொலைவுக்குச் சென்றவர் திரும்பும் நாளை வைத்து ஏங்குகிறவருக்கு ஒரு நாள் ஏழு நாள்போல் கழியும் என்று குறளில் படித்தவர்கள்தானே நாம். ஏக்கம் வந்தால் காலம் நீள்கிறது. இரண்டு மொழிகளும் அதைப் பார்த்திருக்கின்றன. வளைகுடாவில் வேலை பார்க்கும் மகனை நினைத்துத் தாய் இருப்பது லாங்கிங். யேர்ன் என்பதும் அதே ஏக்கம்தான், கொஞ்சம் கவிதை வாடை கூடுதல். பொருள் ஏங்குவதாக இருந்தால் லாங்குக்குப் பின்னால் 'ஃபார்' அல்லது 'டு' கட்டாயம் வரும். கொட்டேஷனுக்குப் பதில் கேட்கும் மெயிலில் ஏக்கத்தைச் சொல்லும் லாங், யேர்ன் இரண்டுக்கும் இடமில்லை.

நீளத்துக்கு வருவோம். லாங் என்பது வெறும் அளவு, நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. லெங்த்தியில் அலுப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். பரீட்சை முடிந்து வெளியே வரும் பிள்ளைகள் 'பேப்பர் ரொம்ப லெங்த்தி' என்கிறார்கள், அது மிகச் சரியான பிரயோகம். பேச்சு, அறிக்கை, விசாரணை, நடைமுறை ஆகியவற்றுக்கு லெங்த்தி பொருந்தும். தொட்டுப் பார்க்கும் பொருளுக்குப் பொருந்தாது. மெரினா 'லாங் பீச்', 'லெங்த்தி பீச்' இல்லை. 'ஷி ஹேஸ் லெங்த்தி ஹேர்' என்பது நம் ஊரில் அடிக்கடி கேட்பது. லாங் ஹேர்தான் சரி. லெங்த்தி அமெரிக்காவில் பரவிய சொல், பிரிட்டிஷ்காரர்கள் ஒரு காலத்தில் இதைக் கண்டித்தார்கள் என்பது கூடுதல் செய்தி. நீங்கள் 'லெங்த்தி டைம்' என்று எழுதியபோது, தரப்போகும் அவகாசம் சலிப்பூட்டும் அளவுக்கு நீளும் என்று நீங்களே சொன்னது போல ஆகிவிட்டது.

நேரம் நீள்வதைச் சொல்ல வேறு சொற்கள் உண்டு. ஒருவர் முடிவு செய்து நீட்டித்தால் எக்ஸ்டென்டட்: கடைசித் தேதி, விசா, உத்தரவாதக் காலம். தானாக இழுத்துக்கொண்டு போனால் புரோலாங்டு: மின்தடை, வறட்சி, இரங்கல் செய்திகளில் வரும் 'ஆஃப்டர் எ புரோலாங்டு இல்னஸ்'. முடியவேண்டிய நேரம் தாண்டியும் இழுபறியாக நிற்பது புரோட்ராக்டட். சொத்து வழக்குக்கும் சம்பளப் பேச்சுவார்த்தைக்கும் ஏற்றது. உங்கள் வேலையில் தினமும் பயன்படப்போவது எக்ஸ்டென்டட் ஒன்றுதான்.

தூரத்தில் லாங்கும், 'தொலைவு' என்று பொருள் தரும் ஃபாரும் குழம்பும். 'மை ஹவுஸ் இஸ் லாங் ஃப்ரம் ஹியர்' தவறு. கேள்வியிலும் மறுப்பிலும் ஃபார் இயல்பாக வரும்: 'இஸ் இட் ஃபார்?', 'இட் இஸ் நாட் ஃபார்'. ஆமாம், தூரம்தான் என்று சொல்லும்போது 'எ லாங் வே' நன்றாக இருக்கும்: 'தாம்பரம் இஸ் எ லாங் வே ஃப்ரம் பாரிஸ் கார்னர்'. நேரத்துக்கும் கிட்டத்தட்ட இதே வழக்கம்தான். 'டிட் யூ வெயிட் லாங்?' என்று கேட்பார்கள். காத்திருந்தவர் 'ஐ வெயிட்டட் எ லாங் டைம்' என்பார்.