நாய்க்குத் தீராத அரிப்பு: சிபிடி எண்ணெய் கேட்குமா?

எங்கள் லாப்ரடாருக்கு மூன்று வயது, 28 கிலோ. பாதத்தை ஓயாமல் நக்குகிறது, காதும் சிவந்திருக்கிறது. டாக்டர் 'அடோபி' (ஒவ்வாமைத் தோல் நோய்) என்கிறார். நாய்த் தோலில் கஞ்சாவுக்கான ஏற்பிகள் இருப்பதால், கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சிபிடி எண்ணெய் பலன் தரும் என்கிறார் நண்பர். உண்மையா?
- வாசகர், கோவை

ஏற்பிகள் (குறிப்பிட்ட பொருள்களைப் பற்றிக்கொள்ளும் செல் புரதங்கள்) இருப்பது உண்மை. சிபி1, சிபி2 என்ற இரு வகையும் நாயின் மேல்தோலிலும், ஒவ்வாமையைக் கிளப்பும் மாஸ்ட் செல்களிலும் உண்டு. பீசா பல்கலைக்கழகத்தார் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், அடோபி வந்த தோலில் இவை இன்னும் அழுத்தமாகத் தெரிந்தன. கஞ்சாவுக்காக வந்தவை அல்ல இவை. உடல் தானே சுரக்கும் கொழுப்புப் பொருள்களுக்கானவை. மாஸ்ட் செல் அரிப்பூட்டும் ஹிஸ்டமினைக் கொட்டாமல் அடக்குவது அவற்றின் வேலைகளில் ஒன்று. இதில் இன்னொரு சங்கதி: சிபிடி இந்த இரண்டு ஏற்பிகளையும் அவ்வளவாகப் பற்றுவதே இல்லை, பெரும்பாலும் வேறு வழிகளில்தான் வேலை செய்கிறது. ஆகவே 'ஏற்பி இருக்கிறது, எண்ணெய் கேட்கும்' என்ற கணக்கு நேராக வராது.

பலன்? 2022-ல் வெளியான ஓர் ஆய்வில் சிபிடியும் அதன் அமில வடிவமும் கலந்த மருந்தை, கிலோவுக்கு 2 மில்லிகிராம் வீதம் தினம் இருவேளை, நான்கு வாரம் கொடுத்தார்கள். அரிப்பு குறைந்தது, புண்ணும் சிவப்பும் குறிப்பிடும்படி மாறவில்லை. உங்கள் நாய்க்கு அந்த அளவு ஒரு வேளைக்கு 56 மி.கி., நாளுக்கு 112. முப்பது மில்லி பாட்டிலில் மொத்தமே 300 மி.கி. என்றால் மூன்று நாள்கூட வராது. ஐந்து சொட்டு விட்டுவிட்டுப் 'பலனில்லை' என்பவர்கள் கொடுப்பது சுமார் இரண்டரை மி.கி.தான்! முழு அளவில் தருவதானால் ஈரல் நொதிகளை (முக்கியமாக ஏ.எல்.பி.) முன்னும், ஒரு மாதம் கழித்தும் பார்க்க வேண்டும். வலிப்பு மாத்திரை சாப்பிடும் நாய்க்கு டாக்டரைக் கேட்காமல் தரவே கூடாது.

எங்கள் யோசனை, எண்ணெய் கடைசியில் வரட்டும். முதலில் தெள்ளுப்பூச்சி, சொறிப்பூச்சி இரண்டையும் மருந்து கொடுத்து ஒழியுங்கள். பாதம், காது இரண்டிலும் செல்லோடேப் ஒற்றி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். ஈஸ்ட் மண்டியிருந்தால் எந்த அரிப்பு மருந்தும் பாதிதான் கேட்கும். அதற்குக் கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடின் கலந்த ஷாம்பு, வாரம் இருமுறை. நுரை பத்து நிமிடம் தோலில் இருக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் கழுவிவிடுவதால்தான் பலருக்கும் அது வீணாகிறது. அடுத்தது எட்டு வார உணவுச் சோதனை. கோழிச் சோற்றிலேயே வளர்ந்த நாய்க்கு இதுவரை தின்றிராத ஒரு இறைச்சி மட்டும். இடையில் ஒரு பிஸ்கட், இறைச்சி மணமுள்ள ஒரு மாத்திரை போனாலும் சோதனை கெட்டது. இத்தனைக்குப் பிறகும் அரித்தால் ஓக்லாசிடினிப் என்ற அரிப்பு மாத்திரை: கிலோவுக்கு 0.4 முதல் 0.6 மி.கி., பதினான்கு நாள் வரை இருவேளை, பிறகு ஒருவேளை. ஒரு வயதுக்குக் கீழ் கூடாது.

மனிதர்களுக்கான கஞ்சா எண்ணெயை அரிக்கும் இடத்தில் மட்டும் தடவலாமா?
- வாசகி, தாம்பரம்

வேண்டாம். தடவியது ஐந்தே நிமிடத்தில் நாயின் வயிற்றில் இருக்கும். அதில் கஞ்சாவின் போதைப்பொருளான டிஎச்சி இருந்தால் ஆபத்து: நாயின் சிறுமூளையில் சிபி1 ஏற்பிகள் மிக அடர்த்தி. தள்ளாட்டம், சொட்டுச் சொட்டாகச் சிறுநீர், உடல் குளிர்தல், சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுதல் ஆகியவை தெரிந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள், பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இனிப்புக்குச் சைலிட்டால் சேர்த்த எண்ணெய் இன்னும் மோசம், ரத்தச் சர்க்கரையை மளமளவென்று இறக்கிவிடும்.

கஞ்சா வாடையே இல்லாமல், உடல் சுரக்கும் கொழுப்புப் பொருள்களின் வழியைத் தொட வேண்டுமென்றால் பால்மிடோய்லெத்தனோலமைடு உண்டு. உடலே தயாரிக்கும் கொழுப்புதான். நுண்துகளாக்கியது, கிலோவுக்கு 10 மி.கி., தினம் ஒருமுறை. இலேசான அரிப்புக்கு மட்டும். பலன் தெரிய எட்டு வாரம்வரை ஆகும்.