பேரிடருக்குப் பின் ஊர் எழ: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: புயலோ வெள்ளமோ வந்தால் எங்கள் பழைய மாணவர் அறக்கட்டளை உடனே நிதி திரட்டும். 10 லட்சம் வரை சேரும். அரிசி, பாய், துணி வாங்கிக் கொடுத்துவிடலாமா? (வாசகர், மதுரை)

பதில்: கொடுங்கள், ஆனால் முழுப் பணத்துக்கும் வாங்கிவிடாதீர்கள். முதல் இரண்டு வாரம் அரிசியும் பாயும் எல்லாத் திசையிலிருந்தும் வந்து குவியும். மூன்றாம் மாதம் ஊருக்குள் யாரும் வரமாட்டார்கள். வலை வாங்கவும், உப்பேறிய கிணற்றை இறைக்கவும், பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவும் பணம் தேவைப்படுவது அப்போதுதான். 10 லட்சத்தில் முதல் மாதச் செலவு 2 லட்சத்தைத் தாண்ட வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

பழைய துணி வேண்டவே வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்தில் லாரி லாரியாக இறங்கிய துணி தெருவோரம் கிடந்து வீணானது. கேட்காமல் அனுப்பியதன் விளைவு அது.

கிளம்பும் முன், எந்த ஊரில் யார் என்ன செய்கிறார்கள் என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். சுனாமிக்குப் பின் நாகையில் ஸ்நேகா என்ற தொண்டு அமைப்பும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் சேர்ந்து ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை நடத்தின. எந்த ஊருக்கு எது போய்ச் சேர்ந்தது, எது போகவில்லை என்ற கணக்கு அங்கே இருந்ததால், வந்த அமைப்புகளைச் சரியான இடத்துக்குத் திருப்ப முடிந்தது.

பயனாளிப் பட்டியலை ஊர்ப் பஞ்சாயத்திடம் வாங்கிக்கொண்டு அதோடு நின்றுவிடாதீர்கள். மீனவ ஊர்களில் அந்தக் கணக்கு பெரும்பாலும் ஊர் வரி கட்டும் ஆண்களை வைத்துப் போட்டது. தனியாக வாழும் பெண்கள், கூடையில் மீன் விற்பவர்கள், பக்கத்துச் சேரியின் விவசாயக் கூலிகள், இருளர்கள், உப்பளத் தொழிலாளர்கள் அதில் விடுபடுவார்கள். சுனாமி நிவாரணத்திலும் இவர்களுக்குத்தான் எல்லாம் கடைசியில் கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவே இல்லை. பட்டியலைத் தெருவில் ஒட்டுங்கள். ஒரு வாரம் ஆட்சேபம் கேளுங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: வீடு கட்டிக் கொடுப்பதுதான் நிரந்தர உதவி என்கிறார்கள். ஆனால் அறக்கட்டளைகள் கட்டிய சில குடியிருப்புகள் பூட்டிக் கிடக்கின்றனவே, ஏன்? (வாசகி, கடலூர்)

பதில்: இடமும் அமைப்பும் அங்கே வாழப்போகிறவர்களைக் கேட்காமல் முடிவாவதுதான் முதல் காரணம். சுனாமிக்குப் பின் அரசு நிலம் கொடுத்தது, அமைப்புகள் 300 சதுர அடிக்குச் சற்றுக் கூடுதலான வீடுகளைக் கட்டின. ஒப்பந்தக்காரர் வேலையை எளிதாக்க மரங்களை வெட்டி, நிலத்தைச் சமப்படுத்தி, ஒரே மாதிரி வீடுகளை வரிசையாக நிறுத்தினார். சில ஊர்களில், புது வீடு வேண்டுமென்றால் இடியாத பழைய வீட்டையும் இடித்தாக வேண்டும் என்றார்கள். நிழலும் திண்ணையும் போயின, வலை காயப்போட இடமில்லை. மலிவாகக் கிடைத்த தாழ்ந்த வயலில் கட்டிய இடங்களில் மழைக்குத் தண்ணீர் தேங்கியது. கடலிலிருந்து தள்ளிப் போன குடும்பங்கள் படகைக் காவல் காக்க மறுபடி கரையில் குடிசை போட்டன.

2001 ஜனவரி 26 நிலநடுக்கத்துக்குப் பின் குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் பெரும்பாலோர் வேறு வழியில் போனார்கள். வீட்டுக்காரரே கட்டினார். பணம் 40, 40, 20 சதவீதமாக மூன்று தவணையில் வந்தது. பொறியாளர் பார்த்துச் சான்று கொடுத்த பிறகே அடுத்த தவணை. கட்ச் நவ நிர்மாண் அபியான் என்ற தொண்டு அமைப்புகளின் கூட்டமைப்பு ஊர்த் தொகுதிகளுக்குச் சேது என்ற தகவல் மையங்களை வைத்து, அரசாணையை மக்களுக்கும் மக்களின் குறையை அரசுக்கும் எடுத்துச் சொன்னது. எங்களைக் கேட்டால் அறக்கட்டளைக்கு உகந்த வேலை இதுதான். பணத்தை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, 50 வீட்டுக்கு ஒரு பொறியாளரையும் கொத்தனார் பயிற்சியையும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். தனியாக இருக்கும் முதியவர், மாற்றுத்திறனாளி வீடுகளை மட்டும் நீங்களே கட்டுங்கள். பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்கட்டும்.

தவணை விடுவிக்கும் முன் பொறியாளர் பார்க்க வேண்டியவை இவை. கடல் மணலோ உவர்க் கிணற்றுத் தண்ணீரோ கலவையில் சேரவே கூடாது. உப்பில் உள்ள குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துரு பருத்துக் காங்கிரீட்டைப் பிளக்கும். கம்பிக் காங்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. தண்ணீரை வாயில் வைத்து ருசி பார்த்து முடிவு செய்யாமல் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கடலோரத்தில் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் காங்கிரீட் மூடல் வேண்டும். உள்ளூரில் வழக்கமாக விடும் 20, 25 போதாது. அதற்குரிய கவர் பிளாக்குகளை (கம்பிக்கு அடியில் வைக்கும் சிறு காங்கிரீட் கட்டிகளை) அறக்கட்டளையே வார்த்துக் கொடுத்துவிட்டால் தகராறே இல்லை. அடித்தள மட்டத்திலும் லிண்டல் மட்டத்திலும் (கதவு, சன்னலுக்கு மேலே) சுற்றிலும் அறுபடாமல் கம்பி வைத்த காங்கிரீட் பட்டை ஓட வேண்டும். மூலையில் கம்பியை நேராக வெட்டி நிறுத்தாமல் வளைத்து அடுத்த சுவருக்குள் கொண்டுபோக வேண்டும். பெரும்பாலும் தப்பு நடப்பது இந்த மூலையில்தான். இன்று கடையில் கிடைக்கும் கலப்பு சிமெண்டுக்கு 10 நாள் கியூரிங் (தண்ணீர் ஊற்றி ஈரமாக வைப்பது) தேவை. நல்ல தண்ணீர் இல்லாத இடத்தில் அதற்கான டேங்கர் செலவை மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார்கள்.

கேள்வி: மீனவருக்குப் படகு வாங்கிக் கொடுக்க ஒரு நிறுவனம் எங்கள் மூலம் நிதி தருகிறது. எதைக் கவனிக்க வேண்டும்? (வாசகர், வேதாரண்யம்)

பதில்: எத்தனை படகு என்பதை முதலில் பாருங்கள். சுனாமிக்குப் பின் சில ஊர்களில் முன்பிருந்ததைவிட அதிகமாக ஃபைபர் படகுகள் வந்தன. பிறர் படகில் பங்குக்குப் போனவர்களெல்லாம் படகுக்காரர் ஆனதால் கடலுக்குப் போக ஆள் கிடைக்காமல் படகுகள் கரையிலேயே நின்றன. அவசர ஆர்டருக்காகத் திடீரென்று முளைத்த பட்டறைகளில் தரமும் கெட்டது. கண்ணாடி நார்ப்பாய் எத்தனை அடுக்கு, அதை இறுக்கும் பிசினான ரெசின் எது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பெயிண்ட் அடித்த பிறகு பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அச்சில் அடுக்கும்போதே படகு வாங்கப்போகிறவர் பக்கத்தில் நிற்கட்டும். எஞ்சினும் பருவத்துக்கேற்ற வலைகளும் சேர்ந்தால்தான் தொழில் நடக்கும். வெறும் படகு தொழில் ஆகாது. பழுது பார்த்தால் ஓடக்கூடிய எஞ்சினுக்கும் கிழிந்த வலைக்கும் முதலில் செலவழியுங்கள், அதே பணத்தில் கூடுதல் குடும்பங்கள் கடலுக்குப் போகும்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கிறோம். ஊரிலுள்ள சிறு அறக்கட்டளைக்கு நேரடியாகப் பணம் அனுப்பலாமா? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: உங்கள் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது. இந்தியக் குடியுரிமை உள்ளவர் தம் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அறக்கட்டளை உங்கள் பாஸ்போர்ட் நகலை வாங்கி வைத்துக்கொள்ளட்டும். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவும், டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் கணக்கும் வேண்டும். பதிவுள்ள பெரிய அமைப்பிடம் கொடுத்து ஊருக்கு அனுப்பச் சொல்லவும் முடியாது. 2020 சட்டத் திருத்தம் அப்படிக் கைமாற்றுவதைத் தடுத்துவிட்டது. அந்த அமைப்பே ஊருக்கு வந்து வேலை செய்யலாம்.

கேள்வி: கடல் நீர் ஏறிய வயலுக்கு ஜிப்சம் வாங்கித் தர ஓர் அறக்கட்டளை முன்வந்திருக்கிறது. வாங்கலாமா? (வாசகி, சீர்காழி)

பதில்: மண் பரிசோதனை முடியும் வரை வாங்காதீர்கள். வெறும் உப்பாக இருந்தால் ஜிப்சத்தால் பயனில்லை, நல்ல தண்ணீர்தான் கழுவ வேண்டும். சோடியம் மண்ணோடு பிடித்துக்கொண்டு களராகியிருந்தால்தான் ஜிப்சம் வேலை செய்யும், அதன் அளவையும் ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். முதலில் மேலே படிந்த கடல் சேற்றை வழித்து வயலுக்கு வெளியே கொட்டுங்கள். வரப்பை உயர்த்தி மழை நீரை அரையடி நிறுத்தி, இரண்டொரு நாளில் வடித்துவிடுங்கள். இதையே சில முறை செய்யுங்கள். வடிகால் தூர்ந்திருந்தால் இவ்வளவும் வீண், கோடையில் உப்பு மறுபடி மேலே ஏறும். ஆகவே அந்த அறக்கட்டளையிடம் வடிகால் வாய்க்காலையும் குளத்தையும் தூர்வாரித் தரச் சொல்லுங்கள். அதன்பின் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப் பயிரை விதைத்து, பூக்கும் சமயத்தில், சுமார் 45 நாளில், மடக்கி உழுங்கள். உப்பின் அளவைக் காட்டும் மண்ணின் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேல் இருக்கும் வரை வழக்கமான நெல் ரகம் வேண்டாம். உவரைத் தாங்கும் குழியடிச்சான் என்ற பாரம்பரிய நெல்லைச் சிறு பரப்பில் போட்டுப் பாருங்கள். மண் மாதிரியை வயலின் பல இடங்களில் அரையடி ஆழம் வரை எடுத்து, நிழலில் உலர்த்தி, அரை கிலோ கொடுங்கள். ஈரத்தோடு கட்டிக்கொண்டு போக வேண்டாம்.