ஒரே தட்டைப்பயறுச் செடியில் மஞ்சள், ஆரஞ்சு, கறுப்பு என்று பல நிறங்களில் பொறிவண்டுகள் இருக்கின்றன. எல்லாம் வேறு வேறு இனங்களா?

பெரும்பாலும் ஒரே இனம்தான். புள்ளியை எண்ணி ஏமாந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

மொட்டைமாடியில் முதன்முதலாகத் தட்டைப்பயறு போட்ட வருடம், நோட்டில் நான்கு இனங்கள் என்று எழுதி வைத்திருந்தேன். நான்காவது, புள்ளியோ கோடோ இல்லாத வெளிர்மஞ்சள் வண்டு. அபூர்வமான ஒன்று அகப்பட்டுவிட்டது என்ற பெருமையில் அதைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு வாயைத் துணியால் கட்டினேன். காலை 7 மணிக்குப் பிடித்தது. 11 மணிக்குப் பார்த்தால் இறக்கையில் சாம்பல் நிழலாக ஏதோ தெரிந்தது. மாலைக்குள் அந்த நிழல் கறுத்து நெளிகோடாகிவிட்டது. கூட்டுப்புழுவிலிருந்து அன்று காலைதான் வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான். மறுநாள் ஆரஞ்சும் கறுப்பும் ஜோடி சேர்ந்திருந்ததைப் பார்த்ததும் பட்டியல் இன்னும் சுருங்கியது.

இதன் பெயர் செய்லோமீனஸ் செக்ஸ்மாகுலேட்டா. செக்ஸ்மாகுலேட்டா என்றால் லத்தீனில் 'ஆறு புள்ளி உள்ளது'. பெயரில் ஆறு புள்ளி, முதுகில் இருப்பதோ நெளிகோடு! அந்தக் கோடுகள் தடித்து ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால், கறுப்பு வண்டில் சிவப்புத் திட்டு இருப்பது போலத் தோன்றும்.

ஆகவே முதுகை விட்டுவிட்டு, தலைக்கும் இறக்கைக்கும் நடுவே இருக்கும் சிறு கவசத்தைப் பாருங்கள். இந்த இனத்தில் அது வெளிர்நிறமாக இருக்கும்; அடியில் ஒரு கறுப்புப் பட்டையும் அதிலிருந்து முன்னோக்கி எழும் ஆங்கில 'T' எழுத்து போன்ற குறியும் தெரியும். காக்சினெல்லா டிரான்ஸ்வெர்சாலிஸ் என்ற இன்னொரு வண்டும் அசுவினி (செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி) தின்ன வரும். அதன் கவசம் கறுப்பு. முன்மூலைகளில் மட்டும் ஆரஞ்சுத் திட்டு. முதுகை மட்டும் பார்த்தால் இரண்டும் குழப்பும்.

கத்தரிச் செடியில் இருந்தால் சங்கதி வேறு. முதுகு பளபளக்காமல் மங்கி, நுண்ணிய மயிர் படர்ந்து, பக்கத்து இலை சல்லடையாகச் சுரண்டப்பட்டிருந்தால் அது இலை தின்னும் எபிலாக்னா வண்டு. இதன் முழு அறிவியல் பெயரில் 28 புள்ளி என்றிருந்தாலும் எண்ணிக்கை வண்டுக்கு வண்டு மாறும்.

நிறம் இப்படி மாறுவதற்குப் பேர்போனது கிழக்காசியாவின் ஹார்மோனியா ஆக்சிரிடிஸ். சிவப்பில் 19 கறுப்புப் புள்ளி உள்ளதும், கறுப்பில் இரண்டே சிவப்புப் புள்ளி உள்ளதும் அதே இனம். இவற்றைக் கலந்து வளர்த்த சீன மரபியலாளர் டான் ஜியாஜென், 1946இல் ஒரு விசித்திரத்தை எழுதினார்: தாய்வழியில் கறுப்பாக வர வேண்டிய இடம், தந்தைவழியில் கறுப்பாக வர வேண்டிய இடம் இரண்டுமே பிள்ளையின் இறக்கையில் கறுத்துவிடும்.

படம் எடுக்கும்போது மேலிருந்து ஒன்று, தலைப்பக்கம் குனிந்து ஒன்று எடுங்கள். பிடித்திருந்தால் அசுவினி உள்ள கொம்பிலேயே திரும்ப விட்டுவிடுங்கள். என் பாட்டில் வண்டு பிறந்த அன்றே பகல் முழுதும் பட்டினி கிடந்தது.